காட்பாடி ஸ்டேஷன் பெஞ்சு: ரயில் பார்க்கும் பெரியவர்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காட்பாடி ஜங்ஷனில் சாயங்காலமானால் ஒரு சிமெண்டு பெஞ்சில் ஆறு பேர் உட்கார்ந்திருப்போம். எல்லோருக்கும் அறுபதைத் தாண்டிய வயசு. வண்டியில் ஏறப்போவதில்லை, யாரையும் அழைத்துப்போக வந்ததும் இல்லை. பார்க்கிறவர்களுக்குக் கேள்வி வருவது நியாயம்தான். பயணிகளும் டீக்காரரும் எங்கள் பேரப்பிள்ளைகளும் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன்.

நீங்களெல்லாம் யார்? ரயில்வேயில் வேலை பார்த்தவர்களா?

இரண்டு பேர்தான் ரயில்வே. ஒருவர் கார்டாக இருந்து ரிட்டையரானவர். இன்னொருவர் அரக்கோணம் மின்சார எஞ்சின் ஷெட்டில் ஃபிட்டர். மற்றபடி வாலாஜாவில் போஸ்ட்மாஸ்டராக இருந்த ஐயா, ஆம்பூரில் தோல் ஷாப்பில் கணக்கு எழுதிய பாய், குடியாத்தத்தில் கைலி வியாபாரம் செய்த அண்ணன், அப்புறம் நான். முப்பத்து நான்கு வருஷம் பள்ளிக்கூட டீச்சர். பிறந்தது ஜோலார்பேட்டை ரயில்வே குவார்ட்டர்ஸில். என் நைனா நீராவி எஞ்சினில் பயர்மேன்.

சென்னையிலிருந்து வரும் லால்பாக் எக்ஸ்பிரஸ் பெங்களூர் பக்கம் போகும் நேரத்துக்கு வந்து உட்காருவோம். பெங்களூரிலிருந்து பிருந்தாவன் எக்ஸ்பிரஸ் வந்து சென்னை பக்கம் கிளம்பினதும் எழுந்துவிடுவோம். பிளாட்பாரம் டிக்கெட் செல்லுபடியாவது இரண்டு மணி நேரம். வண்டிகள் நேரத்துக்கு வந்தால் அதற்குள் எங்கள் சபை முடிந்துவிடும்.

வேலூர்க்காரர்கள் ஏன் காட்பாடிக்கு வந்து உட்காருகிறீர்கள்? வேலூரில் ஸ்டேஷன் இல்லையா?

இருக்கிறது. கன்டோன்மென்ட்டும் டவுனும் விழுப்புரம் போகும் கிளைப்பாதையில் இருக்கின்றன. சென்னை, ஜோலார்பேட்டை மெயின் லைன் பாலாற்றுக்கு இந்தப் பக்கம், காட்பாடி வழியாகவே போய்விடுகிறது. சாமி இல்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை, தண்ணி இல்லாத ஆறு என்று வேலூரைப் பற்றி ஊரில் ஒரு பழைய பேச்சு உண்டு. அதோடு 'மெயின் லைன் இல்லாத ஸ்டேஷன்' என்பதையும் சேர்த்துக்கொள்ளச் சொல்வார் கார்டு. கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலில் 1981-ல் சாமி திரும்ப வந்துவிட்டார். "அந்த மாதிரி மெயின் லைனும் ஒருநாள் வந்துடும், பொறுங்க" என்பார் போஸ்ட்மாஸ்டர்.

ரயில் என்றால் ரயில்தானே? தினம் தினம் பார்க்க அதில் என்ன இருக்கிறது?

என் மருமகள் கேட்ட கேள்வி இது. அவளை ஒருநாள் அழைத்துப்போய்ப் பக்கத்தில் உட்காரவைத்துக் காட்டினேன்.

முதலில் எஞ்சினின் நெற்றியைப் பார்க்கவேண்டும். டபிள்யூ.ஏ.பி.-4, டபிள்யூ.ஏ.பி.-7 என்று எழுதியிருக்கும். 'டபிள்யூ' என்றால் அகலப்பாதை, 'ஏ' என்றால் மின்சாரம், 'பி' என்றால் பயணிகள் வண்டி. கடைசி எழுத்து 'ஜி' என்றால் கூட்ஸ். அதைவிடக் குறுகலான மீட்டர்கேஜ் பாதை எஞ்சின்களுக்கு முதலெழுத்து 'ஒய்'. இந்த ஐந்து எழுத்து தெரிந்தால் ஐந்து வயசுக் குழந்தைகூட எஞ்சினின் ஜாதகத்தைச் சொல்லிவிடும். எங்கள் ஃபிட்டர் எழுத்தைக்கூடப் பார்க்கமாட்டார். காற்றடிக்கும் மோட்டாரின் இரைச்சலைக் கேட்டே "பழசு, நாலு" என்றோ "ஏழு" என்றோ சொல்வார்.

அப்புறம் பெட்டி. பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலை 1955-ல் தொடங்கினது. அந்தப் பழைய வடிவப் பெட்டிகளைக் கட்டுவதை 2018-ல் நிறுத்திவிட்டார்கள். இப்போது வருகிற புது வடிவ எல்.எச்.பி. பெட்டிக்கு ஓசையே வேறு. பிரேக் விடும்போதும் பிடிக்கும்போதும் நன்றாகத் தெரியும்.

கடைசிப் பெட்டியின் முதுகில் பெரிய பெருக்கல் குறி ஒன்று இருக்கும். நடுவழியில் எந்தப் பெட்டியும் கழன்றுவிடாமல் வண்டி முழுசாக வந்து சேர்ந்தது என்பதற்கு அதுதான் சாட்சி. கார்டு அதைப் பார்க்காமல் பேச்சைத் தொடரமாட்டார். என்ன பேசிக்கொண்டிருந்தாலும் பாதியில் நிறுத்தி, கடைசிப் பெட்டி தாண்டினதும் "ம்" என்று தலையாட்டிவிட்டுத்தான் விட்ட இடத்தில் பிடிப்பார். ரிட்டையராகி இத்தனை வருஷமாகியும் அந்தத் தலையாட்டல் நிற்கவில்லை.

கண்ணை மூடிக்கொண்டு வண்டியின் வேகத்தைச் சொல்கிறாரே ஒருவர், அது எப்படி?

பழைய அகலப்பாதையில் ஒரு தண்டவாளத் துண்டின் நீளம் 13 மீட்டர். இரண்டு துண்டு சேரும் இடத்தில் சக்கரம் ஏறி இறங்கும்போது வருவதுதான் 'தடக் தடக்'. ஒரு மூட்டுக்கு ஒருதரம் என்று எண்ணவேண்டும். 47 விநாடியில் எத்தனை எண்ணுகிறோமோ, ஏறக்குறைய அத்தனை கிலோமீட்டர் வேகம். ஏன் 47? 13-ஐ 3.6-ஆல் பெருக்கிப் பாருங்கள், 46.8 வரும். என் வகுப்புப் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கைத்தான் சொல்லிக்கொடுத்தேன். பெருக்கலும் வகுத்தலும் வராத பையன்களுக்குக்கூட இது வந்தது.

இப்போது தண்டவாளங்களை நீளநீளமாகப் பற்றவைத்துவிட்டதால் மூட்டுச் சத்தம் போய்விட்டது. அதனால் கிலோமீட்டர் கல்லைப் பார்க்கிறோம். ஒரு கல்லுக்கும் அடுத்த கல்லுக்கும் இடையில் எத்தனை விநாடி என்று எண்ணி, 3,600-ஐ அதனால் வகுத்தால் வேகம். 36 விநாடி என்றால் நூறு. கண்ணை மூடிக்கொண்டு சொல்பவர் எங்கள் பாய். ஓரக்கண்ணால் கல்லைப் பார்த்துவிடுகிறார் என்று குடியாத்தத்து அண்ணன் சொல்கிறார். இருக்கலாம். ஆனாலும் பாய் சொல்லும் எண் தப்பாக இருந்ததில்லை.

எப்போது பார்த்தாலும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறீர்களே?

சண்டை இல்லை. யார் ஊர் பெரிது என்ற பேச்சு. வட ஆற்காட்டில் ரயில் ஓடுகிற ஊருக்கெல்லாம் இந்தப் பெருமை உண்டு.

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1-ந் தேதி சென்னை ராயபுரத்திலிருந்து கிளம்பி வந்து சேர்ந்தது எங்கள் பக்கம்தான். அன்று ஆற்காடு என்று பெயர் வைத்த அந்த ஸ்டேஷன்தான் இன்றைய வாலாஜா ரோடு. இதைப் போஸ்ட்மாஸ்டர் வாரத்துக்கு ஒருதரமாவது சொல்லிவிடுவார். "தென்னிந்தியாவுக்கே முதல் வண்டி எங்க ஊருக்குத்தான் வந்தது."

"வந்துது ஐயா, வந்து அங்கேயே நின்னுடுச்சி. அதுக்கு மேல போறதுக்கு எங்க ஊருங்க வேண்டியிருந்துது" என்பேன் நான்.

அதற்கு அரக்கோணத்தார்: "எஞ்சினே எங்க ஷெட்டுல இருந்து போனாத்தான் உங்க ஊரு ரெண்டுக்கும் வண்டி."

அப்போது நான் 2019-ஐ எடுத்துப்போடுவேன். சென்னை தண்ணீரில்லாமல் தவித்த அந்தக் கோடையில் ஜோலார்பேட்டையிலிருந்து தண்ணீர் ரயில் விட்டார்கள். 50 வேகன், ஒவ்வொன்றிலும் 50,000 லிட்டர், ஆக 25 லட்சம் லிட்டர். ஜூலை 12-ந் தேதி முதல் வண்டி வில்லிவாக்கம் போய்ச் சேர்ந்தது. அது காட்பாடியைத் தாண்டிப் போனபோது மாலை கட்டின எஞ்சினைப் பார்க்கச் சின்னப் பிள்ளை மாதிரி எழுந்து நின்றேன். "மெட்ராசுக்கே தண்ணி குடுத்த ஊரு" என்றால் அன்றைக்கு வேறு யாருக்கும் பதில் வராது. குடியாத்தத்து அண்ணன் மட்டும் "குடத்தை எங்க ஊர்ல வெச்சிட்டுப் போயிருக்கலாம்" என்று முனகுவார்.

நீங்கள் பேசுவது பாதி புரியவில்லை. 'அவர் பி.ஓ.எச். போயிருக்கார்' என்றால் என்ன?

எஞ்சினையும் பெட்டியையும் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை ஒர்க்ஷாப்புக்கு அனுப்பி முழுசாகப் பிரித்துச் சரிபார்ப்பதற்கு பி.ஓ.எச். என்று பெயர். எங்கள் பெஞ்சில் அதற்கு ஆஸ்பத்திரியில் சேர்ந்திருக்கிறார் என்று அர்த்தம். அரக்கோணத்தார் பைபாஸ் ஆபரேஷன் முடிந்து வந்த அன்று, "வாங்க வாங்க, புது பெயிண்ட் அடிச்சி அனுப்பியிருக்காங்க போலிருக்கே" என்றுதான் கார்டு வரவேற்றார்.

மற்றதையும் சொல்லிவிடுகிறேன். பாதை பழுதான இடத்தில் மெதுவாகப் போகச்சொல்லி டிரைவருக்குக் கொடுக்கும் தாளுக்குக் காஷன் ஆர்டர் என்று பெயர். முட்டிவலிக்காரர்களுக்கு நாங்கள் கொடுப்பதும் அதுதான். "டீச்சரம்மாவுக்குப் படிக்கட்டுல இன்னிக்குப் பத்து கிலோமீட்டர்தான்." மதியத் தூக்கம் என்றால் யார்டில் நிறுத்தியிருக்கிறது. காது மந்தமானவரிடம் பேசுமுன் மஞ்சள் போர்டு வந்துவிட்டது என்போம். லெவல் கிராசிங்குக்கு முன்னால் டிரைவரை ஹார்ன் அடிக்கச்சொல்லும் போர்டு அது. வீட்டிலிருந்து போன் வந்தால் சிக்னல் விழுந்துவிட்டது. குடியாத்தத்து அண்ணன் கதை சொல்ல ஆரம்பித்தால் 58 வேகன் கூட்ஸ். கேட் மூடினால் மூடினதுதான், கடைசி வேகன் போகும்வரை காத்திருக்கவேண்டும்.

2022 ஜனவரியில் 'கார்டு' என்ற பதவிப் பெயரை ரயில்வே 'டிரெயின் மேனேஜர்' என்று மாற்றினது. எங்கள் கார்டு அதற்கு முன்பே ரிட்டையரானவர். பேப்பரில் படித்துவிட்டு அன்று சாயங்காலம் கொஞ்சம் மௌனமாகவே இருந்தார். மறுநாள் போஸ்ட்மாஸ்டர் ஆற்காட்டு மக்கன் பேடா ஒரு டப்பா வாங்கி வந்து, "புரமோஷனுக்கு ஸ்வீட்" என்று எல்லோருக்கும் கொடுத்தார். அன்றிலிருந்து எங்களுக்கு அவர் மேனேஜர். பெயர் வெள்ளை பெயிண்டில் எழுதின அவருடைய கறுப்பு டிரங்குப் பெட்டி இன்னும் வீட்டு வராந்தாவில் இருக்கிறது. உள்ளே பச்சைக்கொடியும் சிவப்புக்கொடியும் மடித்து வைத்திருக்கிறார். பேத்தியைப் பள்ளிக்கூட வேன் ஏற்றும்போது பச்சைக்கொடியைத்தான் காட்டுகிறார்.

இவ்வளவு கேலி செய்கிறீர்களே, யாரும் வருத்தப்பட்டதில்லையா?

வருத்தப்பட்டிருக்கிறோம். பிள்ளைகள் சம்பந்தமான பேச்சு, பணம், யார் வீட்டில் யார் கவனிக்கவில்லை என்பது, இவற்றில் கேலி கிடையாது என்று சொல்லாமலே ஒரு வரம்பு வந்துவிட்டது. உடம்பைப் பற்றிய கேலியும் அவரே முதலில் சொன்ன பிறகுதான். எங்களுக்குக் கேலி என்பது நலம் விசாரிக்கிற விதம். "மாத்திரை சாப்பிட்டீங்களா?" என்று கேட்டால் வெடுக்கென்று பதில் சொல்கிறவர்கள், "இன்னா, கரி போட்டாச்சா?" என்று கேட்டால் ஒழுங்காகப் பதில் சொல்கிறார்கள்.

பாயின் வீட்டம்மா இறந்துபோனபோது நாங்கள் ஐந்து பேரும் காந்திநகரில் அவர் வீட்டுக்குப் போய் உட்கார்ந்துவிட்டு வந்தோம். அதற்குப் பிறகு ஒன்றரை மாசம் அவர் ஸ்டேஷன் பக்கம் வரவில்லை. ஒருநாள் தானாகவே வந்து, எப்போதும் உட்காரும் ஓரத்தில் உட்கார்ந்தார். எங்களில் யாருக்கும் என்ன பேசுவதென்று தெரியவில்லை. குடியாத்தத்து அண்ணன்கூட வாயைத் திறக்கவில்லை. நடு லைனில் ஒரு கூட்ஸ் மெதுவாக வந்தது. நிலக்கரி ஏற்றின வண்டி. அது முழுசாகப் போகும்வரை எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசி வேகன் போனதும் பாய் தாழ்ந்த குரலில் "அம்பத்தெட்டு" என்றார்.

மேனேஜர் உடனே, "இல்ல பாய், அம்பத்தேழு" என்றார்.

"அம்பத்தெட்டுங்க. நான் எண்ணினேன்."

"நானும்தான் எண்ணினேன்."

கால் மணி நேரம் போனது அந்த வாக்குவாதம். பாய் குரலை உயர்த்தினார், விரலை நீட்டினார், என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டார். பிருந்தாவன் வருவதற்குள் டீ வாங்கச் சொல்லிவிட்டார். படியேறும்போது மேனேஜர் என் பக்கம் குனிந்து, "அம்பத்தெட்டுதான்" என்றார்.

நீராவி எஞ்சின் காலம்தானே பொற்காலம்?

அழகு என்றால் அழகுதான். உருண்டை மூக்கு டபிள்யூ.பி. எஞ்சின் ராத்திரியில் ஜோலார்பேட்டைக்குள் நுழைவதைப் பார்த்தவர்களுக்கு இன்னும் மயிர் சிலிர்க்கும். ஆனால் பயர்மேன் வீட்டுப் பிள்ளையாக இதற்கு முழுப் பதில் சொல்லவேண்டிய கடமை எனக்கு உண்டு.

நைனாவின் காக்கிச் சட்டைகளில் ஒன்றுகூட ஓட்டையில்லாமல் இருந்ததில்லை. தீப்பொறி பட்ட ஓட்டைகள், மிளகு அளவில், மார்பிலும் கையிலும். அம்மா ஒவ்வொன்றாக நூல் கோத்து அடைப்பாள். நடுராத்திரியில் டூட்டிக்கு எழுப்ப ரயில்வே ஆள் ஒருவர் விளக்கும் நோட்டும் எடுத்துக்கொண்டு குவார்ட்டர்ஸுக்கு வருவார், 'கால் பாய்' என்பார்கள். கதவைத் தட்டினால் தூக்கக் கலக்கத்தோடு எழுந்து கையெழுத்துப் போடவேண்டும். மே மாசத்து வட ஆற்காட்டு வெயிலில் அந்த நெருப்புக்கு முன்னால் நின்று கரி அள்ளிப்போட்ட மனுஷர் வீட்டுக்கு வந்ததும் ஒரு செம்பு நீராகாரத்தைக் குடித்துவிட்டுச் சிமெண்டுத் தரையில் அப்படியே படுத்துவிடுவார்.

ஜன்னலோரம் உட்கார்ந்த எங்களுக்கும் பங்கு உண்டு. கண்ணில் கரித்தூள் விழும். அம்மா முந்தானையைச் சுருட்டிப் பந்தாக்கி, வாயில் வைத்து ஊதிச் சூடேற்றி, கண்மேல் ஒற்றி எடுப்பாள். மூன்றாவது ஒற்றில் கரி வந்துவிடும். அந்தச் சூடும் வாசனையும் இப்போதும் எனக்கு நினைவிருக்கிறது. நீராவி எஞ்சின் திரும்ப வேண்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வேன். யாருடைய நைனாவும் அப்படி வேகவேண்டாம்.

மீட்டர்கேஜ்?

அது எல்லோருக்கும் வேண்டும். காட்பாடியிலிருந்து பாகாலா, திருப்பதி பக்கமும் திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கமும் குட்டி வண்டி போனது. ஒற்றைப் பாதையில் வண்டி வரும்போதே, அடுத்த ஸ்டேஷன் வரை போகலாம் என்பதற்கு அத்தாட்சியான டோக்கன் வளையத்தைக் கையில் மாட்டிக் கொடுத்து வாங்குவார்கள். திருப்பதியிலிருந்து வரும் பெட்டியில் மொட்டைத் தலைகளும் சந்தன வாசனையும். விழுப்புரம் பாதை 2010-ல் அகலமாகித் திரும்ப வந்தது. சென்னை பீச்சிலிருந்து வேலூர் கன்டோன்மென்ட் வரை வந்த வண்டியை 2024 மே மாசத்திலிருந்து திருவண்ணாமலை வரை விட்டார்கள். பௌர்ணமி கிரிவலத்துக்குப் போகிறவர்களைக் கேளுங்கள், அதன் அருமையைச் சொல்வார்கள்.

செல்போனில் வண்டி எங்கே வருகிறது என்று தெரிந்துவிடுகிறதே, அந்தப் பழைய டைம்டேபிள் எதற்கு?

போஸ்ட்மாஸ்டர் வீட்டில் டைம்டேபிள்கள் காலண்டர்த் தாளில் அட்டை போட்டு அடுக்கியிருக்கின்றன. பிருந்தாவன் ஓட ஆரம்பித்தது 1964 அக்டோபரில். அது எந்த வருஷம் எத்தனை மணிக்குக் காட்பாடிக்கு வந்தது என்பதைச் செல்போன் சொல்லாது, அவர் சொல்வார்.

பெண்கள் வரலாமா?

நான் வருகிறேனே. முதல் ஒரு வாரம் "டீச்சரம்மாவுக்கு எதுக்கு" என்று பார்த்தார்கள். எட்டாவது நாள், தூரத்தில் வந்த வண்டி எந்த எஞ்சின் என்று ஃபிட்டருக்கு முன்னால் நான் சொன்னேன். அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை. கணவர் போன பிறகு சாயங்காலம் வீட்டு வாசலில் தனியாக உட்கார்ந்திருக்கும் பெண்கள் எங்கள் தெருவிலேயே நாலு பேர். அவர்களை அழைத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஸ்டேஷனில் உட்கார ஏதாவது விதி உண்டா?

பிளாட்பாரம் டிக்கெட் 10 ரூபாய். எடுக்காமல் உள்ளே போகவேண்டாம், எங்களில் யாரும் போவதில்லை. மஞ்சள் கோட்டைத் தாண்டி நிற்காதீர்கள். வேகமாகப் போகும் மின்சார வண்டி சத்தமில்லாமல் பக்கத்தில் வந்துவிடும். தண்டவாளத்தில் இறங்கிப் படம் எடுப்பவர்களைப் பார்த்தால் மேனேஜருக்கு முகம் சிவந்துவிடுகிறது. 1989-ம் வருஷத்து ரயில்வே சட்டம் 147-வது பிரிவின்படி அது ஆறு மாசம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சட்டத்தை விடுங்கள். கார்டு வேலையில் இருந்தவர்கள் தண்டவாளத்தில் பார்த்ததையெல்லாம் வீட்டில்கூடச் சொல்லமாட்டார்கள்.

வயசானவர்களுக்கு டிக்கெட்டில் என்ன சலுகை?

ஆண்களுக்கு 40, பெண்களுக்கு 50 சதவீதம் இருந்த கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நின்றது. கீழ் பெர்த் ஒதுக்கீடு இருக்கிறது. ஆண்களுக்கு 60, பெண்களுக்கு 45 வயசு. ஒரே டிக்கெட்டில் நாலைந்து பேராக எடுத்தால் அந்த ஒதுக்கீடு கிடைக்காது. பெரியவர்களுக்குத் தனியாக, ஒருவராகவோ இருவராகவோ எடுங்கள். மேல் பெர்த்தில் ஏறமுடியாமல் ராத்திரி முழுக்க உட்கார்ந்தே வந்தவர்களைப் பார்த்திருக்கிறோம்.

வெளிமாநிலத்துக்காரர்களோடு பேசிக்கொண்டிருக்கிறீர்களே, தெரிந்தவர்களா?

இல்லை. வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வைத்தியத்துக்கு வருகிறவர்கள். வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் இரண்டு நாள், மூன்று நாள் பயணம் செய்து நோயாளியோடு இறங்குவார்கள். எந்தப் பக்கம் வெளியே போவது, எங்கே பஸ் என்று தெரியாது. பாயின் உருதும் மேனேஜரின் ஹிந்தியும் அதற்குத்தான். ஊருக்குத் திரும்பும்போது அவர்களில் சிலர் எங்களைத் தேடி வந்து ரிப்போர்ட்டைக் காட்டிவிட்டுப் போவார்கள். வண்டி நகரும்போது ஜன்னலில் கையசைத்தால் நாங்கள் ஆறு பேரும் எழுந்து நின்று அசைப்போம்.

எங்காவது சேர்ந்து பயணம் போவீர்களா?

மாசத்துக்கு ஒருதரம் ஜோலார்பேட்டை வரை நின்று நின்று போகும் வண்டியில். லத்தேரி, காவனூர், குடியாத்தம், வளத்தூர், மேல்பட்டி, பச்சகுப்பம் என்று ஒவ்வொரு ஸ்டேஷன் பெயரையும் வருவதற்கு முன்னால் ஒருவர் மாற்றி ஒருவர் சொல்லவேண்டும். தப்பாகச் சொன்னவர் ஆம்பூரில் எல்லோருக்கும் பிரியாணி வாங்கவேண்டும். கத்தரிக்காய்த் தொக்கு இரண்டாம்தரம் கேட்டால் அதுவும் அவர் கணக்கு. வாணியம்பாடி தாண்டினால் போகும் திசைக்கு இடது ஜன்னல் பக்கம் உட்காருங்கள், ஏலகிரி மலை தெரியும். ஜோலார்பேட்டையில் இறங்கினதும் நான் பிறந்த குவார்ட்டர்ஸ் பக்கம் ஒரு நடை. ஒவ்வொரு தடவையும் "இங்கதான் கால் பாய் வந்து கதவைத் தட்டுவாரு" என்று சொல்கிறேன். ஒவ்வொரு தடவையும் புதுசாகக் கேட்பது மாதிரி கேட்கிறார்கள்.

நாங்களும் வரலாமா? என்ன கொண்டுவரவேண்டும்?

வாருங்கள். தண்ணீர் பாட்டில், பிளாட்பாரம் டிக்கெட், அவித்த மல்லாட்டை (வேர்க்கடலை) இருந்தால் ஒரு பை. வெல்லம் போட்ட உருண்டை வேண்டாம், அரக்கோணத்தாருக்குச் சர்க்கரை. அவர் எடுத்துக்கொள்ளாமல் இருக்கமாட்டார். பிருந்தாவன் போன பிறகு வந்தீர்களானால் பெஞ்சு காலியாக இருக்கும். அப்படியானால் மறுநாள் லால்பாக் நேரத்துக்கு வாருங்கள்.